சுடாத கை

அன்புள்ள சாமுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பைக்கைக் கிளப்பிக்கொண்டே நீ ஒன்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். "உனக்கும்தான் சுடாது. நீ நல்லாத்தானே இருக்க?" என்றாய். நான் வாசல் கதவைப் பிடித்தபடி நின்றேன். நீ பஜார் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவள், ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பேச்சைக் குறைக்காதவள், இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை டாக்டரிடம் நீ ஆபரேஷனுக்குச் சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இல்லை என்றுதான் சொல்லப் போகிறாய் என்று உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். அப்பா நாளைக்கே நீ தங்கியிருக்கும் கராடிக்கு பஸ் ஏறி வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போனில் சொல்லலாம்தான். போனில் நீ "ஹாங், ஹாங்" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் தட்டுவது எனக்குக் கேட்கிறது. இங்கிலீஷில் எழுதினால் நான் டீச்சராகிவிடுவேன், நீ பின்பெஞ்சுப் பையனாகிவிடுவாய். தமிழில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். ஞாயிறு பள்ளியில் மிட்டாய் கொடுத்து உனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான்தான், ஆகவே உன் வண்டவாளம் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் என்றால் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். தமிழில் அந்த வேலை நடக்காது, வரிவரியாக என்னோடு வந்துதான் ஆக வேண்டும். தடுமாறும் இடத்தில் ஹெலனைக் கேள். நம் வீட்டுக்கு வரப்போகிற கோயம்புத்தூர்ப் பெண், உன்னைவிட நன்றாகத் தமிழ் வாசிப்பாள். அவளும் இதைப் படிக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

டிசம்பர் வந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சந்தில் இருக்கும் தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் அச்சுமுறுக்கு நம் அடுப்பில்தான். ஒரு வீட்டிலிருந்து பச்சரிசி மாவு வரும், ஒரு வீட்டிலிருந்து தேங்காய், இன்னொரு வீட்டிலிருந்து சீனியும் முட்டையும். உன் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வாங்கி வந்த அந்தப் பழைய அச்சு, பூப்போன்ற தலையிலிருந்து காம்பின் நுனிவரை முழு இரும்பு. சூடு ஆறிவிட்டால் மாவு ஒட்டாது என்பதால், ஒவ்வொரு முறுக்கை உதிர்த்ததும் அது எண்ணெயிலேயே நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் காம்பும் கொதிக்கத் தொடங்கிவிடும். மற்றப் பெண்கள் துணியைச் சுற்றிப் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் இடுக்கியால் கவ்விப் பிடிப்பார்கள். நான் மட்டும் வெறுங்கையால் பிடிப்பேன். சந்துப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வந்து நிற்பார்கள். "இரும்புக் கை டீச்சர்" என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். உன் பள்ளிக்கூடத்து நண்பர்களிடம் நீ பெருமையடித்துக்கொண்டதும் அதைச் சொல்லித்தான்.

வேலைக்குப் போன பிறகும் நீ அந்த நாட்களில் லீவு போட்டு வந்துவிடுவாய். இரண்டு மூன்று வருடங்களாக நீயும் துணியைத் தூர வைத்துவிட்டு அச்சைப் பிடித்தாய். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் மூக்கு அப்பாவுடையது, நடை அப்பாவுடையது, கோபம்கூட அவர் வீட்டுக் கோபம். கையாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எதிர்வீட்டு ரூபி அக்காவிடம், "பாத்தீங்களா அக்கா, என் கையே அவனுக்கு வந்துருக்கு" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனேன். அவளும் "அரே வா" என்று உன் முதுகில் தட்டினாள். ஒரு வியாதியை நடுவீட்டில் உட்கார வைத்து நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

போன கிறிஸ்துமஸுக்கு ஹெலன் முதல் தடவையாக நம் வீட்டு வேலையில் கை கொடுக்க வந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்த புதிது. அவளுக்கு நம் பெருமை தெரியாது. அதனால்தான் நாங்கள் பார்க்காததை அவள் பார்த்தாள். உனக்குத் தேநீர் கொடுக்க வந்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, "அத்தை, இங்க வாங்க. இவங்க கையப் பாருங்க. தோல் வெந்து போயிருக்குது, இவங்களுக்குத் தெரியவே இல்லீங்க" என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டுக் கை அப்படித்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. சூடு தாங்குகிறவர்களுக்குச் சூடு தெரியும், தெரிந்துதான் தாங்குவார்கள், இவருக்குத் தெரியவே இல்லையே என்று அவள் மெதுவாகச் சொன்னாள். பாராட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் பேச்சை மாற்றினார்கள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பெண் ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கு அவளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அதன் பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சட்டைப் பொத்தானைப் போட நீ எடுத்துக்கொண்ட நேரம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப்போய்க் குழி விழுந்திருந்தது. அயர்ன் பாக்ஸ் பட்டு முழங்கையில் ஒரு தழும்பு, எப்போது பட்டது என்று உனக்கே தெரியாது. இருமினால், தும்மினால், விழுந்து விழுந்து சிரித்தால் உனக்குப் பின்மண்டையில் வலிக்கும். அப்பா ஜோக் சொல்லும்போதெல்லாம் நீ பிடரியைப் பிடித்துக்கொள்வாய். ஜோக் அவ்வளவு மோசம் என்று நாங்கள் அவரைக் கேலி செய்தோம். பாவம், அந்த ஒரு விஷயத்தில் மனிதர் மேல் குற்றமே இல்லை. ஹெலன் விடாப்பிடியாக நின்றதால்தான் நீ எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாய். அதற்கே மழைக்காலம் வந்துவிட்டது.

அந்த டாக்டர் அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது. நாம் கேட்பதற்குள் எழுந்து போகிறவர் இல்லை. ஒரு தாளை எடுத்து மண்டையையும் கழுத்தையும் வரைந்து காட்டினார். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், ஆகவே திரும்பவும் சொல்கிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. இதயம் துடிக்கத் துடிக்க அது தலைக்கும் முதுகுக்குமாகப் போய்ப் போய் வர வேண்டும். உன் மண்டையின் பின்பக்கம் பிறவியிலேயே கொஞ்சம் இடம் குறைவு. அதனால் சிறுமூளையின் கீழ் நுனி கழுத்துத் துவாரத்துக்குள் இறங்கி, தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு கியாரி என்று பெயர் சொன்னார். வழி அடைபட்ட நீர் தண்டுவடத்துக்கு உள்ளேயே புகுந்து, நடுவில் நீளமாக ஒரு பை போலத் தேங்கிவிட்டது. அதற்கு சிரிங்கோமைலியா என்று பெயர். வீட்டுக்கு வரும்வரை நான் அதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். சூட்டையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தின் நடுவில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கின்றனவாம். பை உப்ப உப்ப முதலில் அடிபடுவது அவைதான். தொடுகை வேறு வழியாகப் போகிறது. அதனால்தான் உனக்கு அச்சின் காம்பு கையில் இருப்பது தெரிந்தது, அது கொதிப்பது தெரியவில்லை.

அன்றைக்கு உன் அப்பா ஒரு கேள்வி கேட்டாரே, நினைவிருக்கிறதா? நீ சின்னப் பையனாக இருந்தபோது சர்ச் காம்பவுண்டுச் சுவரிலிருந்து அவர் கண்முன்னாலேயே மல்லாந்து விழுந்தாய். எட்டிப் பிடிக்கப் போய்ப் பிடி நழுவிவிட்டது. அதனால் வந்ததா என்று கேட்டார். இத்தனை வருடம் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். முதுகில் பலமான அடி பட்டவர்களுக்குப் பல வருடம் கழித்துக்கூட இப்படி நீர்ப்பை வரலாம், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வரலாம், கட்டி இருந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். ஆனால் உன் படத்தில் அடிபட்ட தடயமே இல்லை, காரணம் கழுத்துக்கு மேலே கண்ணெதிரே தெரிகிறது என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். யாரும் செய்த தப்பில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்பதற்காகவே அவர் அங்கே வந்தார் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றி நீ இணையத்தில் எதையெதையோ படித்துவிட்டு மிரண்டிருக்கிறாய். நான் டாக்டரிடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நோண்டி நோண்டிக் கேட்டேன். நீர்ப்பையை ஊசியால் குத்தி வடித்துவிட்டால் போகாதா என்றேன். வாசல் அடைத்தே இருந்தால் தண்ணீர் திரும்பத் தேங்கும், வாசலைத் திறப்பதுதான் வைத்தியம் என்றார். பின்மண்டையில் கீழ்ப்பக்கமாக ஒரு பிஸ்கட் அளவு எலும்பை எடுப்பார்கள். கழுத்தின் முதல் எலும்பில் பின்வளைவையும் எடுப்பார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையைப் பிரித்து, ஒட்டுத்துணி வைத்துத் தைப்பது போல் அகலப்படுத்துவார்கள். இடம் கிடைத்ததும் நீர் தன் வழியில் ஓடத் தொடங்கும், பை மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பையை அவர்கள் தொடுவதே இல்லை. சிலருக்கு மட்டும், இது போதாதபோதோ காரணம் வேறாக இருக்கும்போதோ, நீரை வடிக்க ஒரு குழாய் வைப்பார்களாம். நீர் கசியலாம், தொற்று வரலாம் என்று அபாயங்களையும் அவர் மறைக்காமல் சொன்னார். உன்னிடம் நானும் மறைக்கவில்லை.

போன உணர்ச்சி எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. நானும் உனக்கு அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன். சும்மா விட்டால் அடுத்தது விரல்களின் பலம், அதற்கு அடுத்தது கால். நீயோ, "வலியே இல்லம்மா, வலி இல்லாததுக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்கிறாய். சாம், வலிக்கவில்லை என்பதுதான் உன் வியாதியே. உனக்குப் பயமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது. கழுத்தில் கத்தி வைக்க விடுவது லேசான காரியமா? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று நீ சொல்லியிருந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து பயந்திருப்பேன். நீ அதைச் சொல்லாமல் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாய்.

அன்றைக்கு டாக்டர் அறையில் நடந்தது இதுதான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று அவர் கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு நீ சொன்னாய், அம்மாவுக்கும் சூடு தெரியாது, எங்கள் ஊர் கட்கி முழுக்கத் தெரிந்த விஷயம் என்று. டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். ஹெலனும் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எப்போதாவது சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவது உண்டு, நீங்களும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அவர் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் முழங்கால் வலி என்றும் சர்ச்சில் வேலை என்றும் தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு கணக்குப் போட்டுவிட்டாய். அம்மாவுக்கும் இதே வியாதி, அம்மா இந்த வயதிலும் ஓடியாடி முறுக்கு சுடுகிறாள், ஆகவே எனக்கும் ஒன்றும் ஆகாது என்று. கணக்கில் பிழையில்லை. நான் கொடுத்த எண்தான் பொய்.

நான் கல்யாணமாகிக் கட்கிக்கு வந்த வருடம் எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. இங்கே நம் சர்ச் பெண்கள் பாதித் தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடிப்பார்கள், எனக்குப் பாதிதான் விளங்கும். முதல் டிசம்பரில் அவர்கள் எல்லோரும் நம் வீட்டில் கூடியிருந்தார்கள். புதுப்பெண் கையால் முதல் முறுக்கு என்று என்னை அடுப்பின் முன்னால் உட்கார வைத்தார்கள். படபடப்பில் துணியை எடுக்க மறந்து அச்சின் காம்பைப் பிடித்துவிட்டேன். உயிர் போகிற மாதிரி சுட்டது. உதறிவிட்டிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உதறினால் எண்ணெய் தெறிக்கும், இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாவில் தோய்த்து, எண்ணெயில் இறக்கி, பூவை உதிர்த்துவிட்டேன். ரூபி அக்காதான் முதலில் பார்த்தாள். "அரே, இந்தப் பொண்ணு கை என்ன இரும்பா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள், பெயரைக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன்.

அடுத்த வருடம் துணியை எடுக்கப் போனேன். "உனக்கு எதுக்கு துணி?" என்று யாரோ கேட்டார்கள். எடுத்த துணியை வைத்துவிட்டேன். அதன் பிறகு எல்லா வருடமும் அப்படியே போய்விட்டது.

எனக்குச் சுடும், சாம். எல்லோருக்கும் சுடுவது போலவே சுடும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுட்டது. நாலைந்து முறுக்குக்கு ஒரு தடவை மாவு எடுக்கிற சாக்கில், சீனி எடுக்கிற சாக்கில் நான் எழுந்து பின்பக்கம் போவேனே, நீ கவனித்திருக்கிறாயா? பின்வாசல் குழாயடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். மணிக்கட்டுவரை கையை அமிழ்த்தி வைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு முந்தானையில் துடைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வருவேன். அந்த வாளியை நிரப்பி வைத்தது நான் இல்லை. நம் சந்தில் குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் உனக்குத் தெரியும். காலையிலேயே யாரோ பிடித்து வைத்திருக்க வேண்டும். உன் அப்பா வருடாவருடம் அன்றைக்கு என்னைக் கடந்து போகும்போது, "தண்ணி பின்னாடி இருக்கு" என்று மட்டும் சொல்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை, ஏன் கையைச் சுட்டுக்கொள்கிறாய் என்று அவரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு அவர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவன்கிட்ட சொல்லிரு" என்றார். எதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஒரு பெண்பிள்ளையின் அசட்டுக் கௌரவம்தானே, இதற்குப் போய் இவ்வளவு நீளமாகவா என்று நீ நினைக்கலாம். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பெயர் அது. வெள்ளிக்கிழமை நானும் உன்னோடு வருகிறேன். டாக்டரிடம் நீ எதையும் சொல்வதற்கு முன்னால், எனக்குச் சூடு நன்றாகத் தெரியும், அன்றைக்குத் தலையாட்டியது பொய் என்று நான் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகும் எனக்கு எம்.ஆர்.ஐ. வேண்டுமென்று அவர் சொன்னால் அந்த மெஷின் குழாய்க்குள் போய்ப் படுத்துக்கொள்கிறேன். நீயும் உன் பதிலைச் சொல். ஆனால் என்னைப் பார்த்து உன் பதிலை முடிவு செய்யாதே. உன் கை என் கை இல்லை. உன் கைக்கு வந்திருப்பது வியாதி, அதற்கு ஆபரேஷன் இருக்கிறது, அதைச் செய்யத் தெரிந்தவர் நம்மிடம் பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிடு, ஐயா.

ரூபி அக்காவிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். "வருஷா வருஷம் நீ தண்ணிப் பக்கம் ஓடுறது எனக்குத் தெரியாதா?" என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ சந்தோஷமா இருந்த" என்றாள். போகட்டும், இந்த டிசம்பரில் ஆபரேஷனுக்கு நாள் எப்படி விழுந்தாலும் ஒரு படி மாவாவது கரைப்பேன். சந்து முழுக்கப் பார்க்கட்டும், நான் அச்சைத் துணியால்தான் பிடிக்கப் போகிறேன். நீ அடுப்பை விட்டுத் தள்ளி, என் வலது பக்கம் உட்கார். காம்பு சுடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேள். நான் உண்மையைச் சொல்கிறேன்.

உன் அம்மா